கோடு வளையுமா, சாமி நகருமா?

மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. சிவில் 3டி மென்பொருளில் சாலை வரைகிறவர்கள் ஒரு நாளில் பலமுறை பார்த்துச் சலிக்கும் குறி இது. வளைவின் ஆரம் விதி கேட்கும் அளவைவிடக் குறைந்துபோனால் அது வரும். நேர்கோடும் வளைவும் சேரும் இடத்தில் இரண்டும் ஒட்டாமல் முறிந்து நின்றாலும் வரும். பார்வைக்குக் கோட்டில் ஒரு குறையும் தெரியாது. பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால்தான் வளைவு முடியும் முனையில் ஒரு நூலிழைக் கோணல் அகப்படும். அந்தக் கோணலை வைத்துக்கொண்டு மேலே போனால் சாலையின் குறுக்குச் சரிவு, வெட்ட வேண்டிய மண், கொட்ட வேண்டிய மண் என்று அதன் மேல் ஏறும் கணக்குகளெல்லாம் ஆட்டம் காணும்.

இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று பழகிய கைகளுக்குத் தெரியும். மென்பொருளில் சாலையின் மையக்கோடு பல துண்டுகளால் ஆனது: நேர்கோடு, வட்ட வளைவு, இரண்டையும் இணைக்கும் சுருள் வளைவு. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று குணங்களில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். ‘ஃபிக்ஸ்ட்’ என்றால் அது யாரையும் சாராது, வைத்த இடத்தில் நிற்கும். ‘ஃப்ளோட்டிங்’ என்றால் ஒரு பக்கத்து அண்டையைத் தொட்டுக்கொண்டு மிதக்கும். ‘ஃப்ரீ’ என்றால் இரண்டு பக்கமும் அண்டையைப் பிடித்திருக்கும். அவை அசைந்தால் இதுவும் அசைந்து இடம் கொடுக்கும். பெயர் என்னவோ சுதந்திரம், பிழைப்பு முழுக்க அக்கம்பக்கத்தை நம்பித்தான்! புதிதாக வந்தவர் பழைய வரைபடத்திலிருந்து ஒரு கோட்டை அப்படியே இறக்கி எல்லாத் துண்டுகளையும் ஃபிக்ஸ்ட் ஆக்கிவிடுவார். பிறகு ஒரு வளைவை ஐந்து மீட்டர் தள்ளினால் மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கும், ஒட்டு விட்டுப்போகும், முக்கோணம் முளைக்கும். மூத்தவர் வந்து முதலில் கேட்பது ஒரே கேள்வி: “இதில் எது அசையக் கூடாது?”

மலேசியாவின் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு வரைபடத்துக்கு வெளியேயும் ஆள் உண்டு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை இரண்டாகப் பிரியும் மூலையில், ஆலமரத்தடியில், ஆளுயரச் சூலத்தோடு முனியாண்டி நிற்கிறார். சூலத்தின் முனைகளில் குத்திய எலுமிச்சை காய்ந்து கறுத்திருக்கும். சிமெண்டு மேடையில் கற்பூரக் கரி ஒரு கை அகலத்துக்குப் படிந்திருக்கும். புது மோட்டார் வாங்கியவர் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போன தடமும் இருக்கும். சாலைக் கோடு அவரை நோக்கி வரும்போது அசைய வேண்டியது எது என்பது பொறியியல் கேள்வியா, சமயக் கேள்வியா?

இந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் கேள்வியின் கனம் புரியும். பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது தென்னமரம் எஸ்டேட். பெயரைச் சொன்னாலே தமிழ் காதில் விழுகிறது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே 1917-இல் மலாயாவில் வணிக நோக்கோடு செம்பனையை முதன்முதலாக நட்டது அங்கேதான். தோட்டத்துத் தமிழர்களோடு புழங்கிய அனுபவத்தை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரை நட்ட செம்பனைக்குக் கணக்கு இருந்தது, ஏக்கர் இருந்தது, லாட்டு எண் இருந்தது. லயத்துத் தொழிலாளர்கள் நட்ட சூலத்துக்கு அப்படி எதுவும் இல்லை. “வைத்துக்கொள்ளுங்கள்” என்று துரை வாயால் சொன்ன சொல்தான் பத்திரம். பெரும்பாலான தோட்டக் கோயில்களின் கதை இதுதான்.

அதனால் சாலை வரைகிறவரின் திரையில் முனியாண்டி இருக்கமாட்டார். வரைகிறவர் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார் என்று சொல்வது அநியாயம். அவருக்கு வந்து சேரும் நில வரைபடம் பட்டா உள்ள லாட்டுகளின் எல்லைக்கோடுகளால் ஆனது. தோட்டம் முழுவதும் ஒரே லாட்டு, ஒரே உரிமையாளர். அதற்குள் ஆலமரம் இருப்பதையும் அதனடியில் ஒருவர் குடியிருப்பதையும் அந்தக் கோடுகள் சொல்லாது. போதாததற்கு மலேசிய வரைபடங்களுக்கே உரிய ஒரு பழைய வில்லங்கமும் உண்டு. லாட்டு அளவைகள் நெடுங்காலம் மாநிலத்துக்கு மாநிலம் தொடக்கப்புள்ளி மாறும் காசினி முறையில் குறிக்கப்பட்டவை. நாடு தழுவிய வரைபடங்களோ, சாய்ந்து கிடக்கும் தீபகற்பத்துக்கு ஏற்றாற்போல அச்சையே சாய்த்துப் போட்ட ஆர்.எஸ்.ஓ. முறையில் ஆனவை. 2003-இல் ஜி.டி.எம். 2000 என்ற புதிய அடித்தளம் வந்தது. இவற்றை முறையாக மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் லாட்டு ஒரு பக்கமும் சாலை ஒரு பக்கமும் நிற்கும். கோளாறு தேடும் பொறியாளர் முதலில் சரிபார்ப்பது இதைத்தான். இரண்டு முறைகளில் எதிலும் எண் இல்லாத ஒன்றைச் சரிபார்க்க மட்டும் வழியில்லை.

சாலைகளுக்கும் இங்கே குறைவில்லை. அசாம் ஜாவாவையும் டெம்ப்ளர் வனப் பூங்காவையும் இணைக்கும் 33 கிலோமீட்டர் லாத்தார் நெடுஞ்சாலை 2011-இல் திறக்கப்பட்டது. பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை 233 கிலோமீட்டர் திட்டமான மேற்குக் கரை நெடுஞ்சாலையின் பணி 2014-இல் தொடங்கியது. கடலோரமாக ஓடும் பழைய 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை இருக்கவே இருக்கிறது. இவை எல்லாம் ஒரு காலத்தில் பால்மரமும் பிறகு செம்பனையும் நின்ற நிலத்தைத் தொட்டும் கிழித்தும் போகிறவை.

கோடு வளையுமா என்பதை முதலில் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு வளைவில் வண்டி வழுக்காமல் திரும்ப வேண்டிய குறைந்தபட்ச ஆரத்துக்கு உலகெங்கும் ஒரே சூத்திரம்தான்: வேகத்தின் வர்க்கத்தை, 127 பெருக்கல் சாலையின் சரிவும் உராய்வும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். 127 என்பது புவியீர்ப்பையும் மணிக்கணக்கு வேகத்தை நொடிக்கணக்காக்கும் கணக்கையும் பெருக்கி வந்த எண். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம், வளைவின் வெளிப்புறம் 6 விழுக்காடு உயரம், உராய்வு 0.12 என்றால் ஆரம் 437 மீட்டர். இதற்குக் கீழே போனால் மஞ்சள் முக்கோணம்.

சாலை அந்த இடத்தில் 30 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 437 மீட்டர் ஆரத்தில் போட்ட வளைவு நேராக ஆலமரத்தின் மேல் போகிறது. ஆரத்தை 1,000 மீட்டராக ஆக்கினால் என்ன ஆகும்? வளைவின் நடுப்புள்ளி உட்பக்கமாக 20 மீட்டர் நகர்ந்துவிடும். மரத்தில் இருந்த மையக்கோடு மரத்துக்கு 20 மீட்டர் தள்ளி ஓடும். இருவழிச் சாலை என்றால் மையத்திலிருந்து பக்கத்துக்குப் பத்து மீட்டர் ஒதுக்கினாலும் மீதி பத்து மீட்டர் முனியாண்டிக்கு. வளைவும் முன்னைவிடப் பெரிதாக, ஓட்டுவதற்கு இதமாக இருக்கும். திரையில் ஒரு எண்ணை மாற்றித் தட்டுகிற வேலை அது.

அத்தோடு முடிந்துவிட்டால் யாருக்கும் சண்டையில்லை. ஆரம் பெருத்தால் வளைவு இருபுறமும் நேர்கோட்டைத் தின்னும். 437-இல் ஒவ்வொரு பக்கமும் 117 மீட்டர் தின்றது, 1,000-இல் 268 மீட்டர் கேட்கும். அடுத்த வளைவின் திருப்புமுனை 350 மீட்டரில் இருந்து, அதுவும் தன் பங்குக்கு 117 கேட்டால் கூட்டுத்தொகை 385. இருக்கும் இடமோ 350. வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், மென்பொருள் மறுத்துவிடும். அப்போது அடுத்த வளைவை நகர்த்த வேண்டும். அங்கே பள்ளிக்கூடம் இருக்கலாம், மின்கோபுரம் இருக்கலாம், பக்கத்து மலாய்க் கம்பத்தாரின் இடுகாடு இருக்கலாம். முனியாண்டியைக் காப்பாற்றப் போன கோடு இன்னொருவரின் பாட்டனார் தலைமாட்டில் போய் நிற்கும். கோயிலுக்காகப் பேசுகிறவர்கள் பலரும் இந்த இரண்டாவது வளைவைப் பற்றிப் பேசுவதில்லை. அதுதான் கடினமான வளைவு.

இனி, சாமி நகருமா?

சிற்ப, ஆகம நூல்கள் இறைவடிவங்களை மூன்றாகப் பிரிக்கின்றன: அசலம், சலம், சலாசலம். கருவறையில் அஷ்டபந்தன மருந்து இட்டுப் பதித்த மூலவர் அசலம். விழாவில் தோளேறி வீதி உலா வரும் உற்சவர் சலம். பதிந்தும் இருக்கலாம், எடுத்தும் போகலாம் என்று இரண்டு வழியிலும் வருவது சலாசலம். ஃபிக்ஸ்ட், ஃப்ரீ, ஃப்ளோட்டிங் என்ற பிரிவுகளைச் சாலைப் பொறியாளர்களுக்கு முன்பே ஸ்தபதிகள் போட்டுவைத்திருக்கிறார்கள். பொருத்தம் துண்டுக்குத் துண்டு சரியாக வராது. ஆனால் இரண்டு தொழிலும் ஒரே கவலையில் பிறந்தவை. எல்லாம் அசைந்தால் நிலைக்கு ஆதாரம் இல்லை. எதுவுமே அசையாவிட்டால் விழாவும் இல்லை, சாலையும் இல்லை.

அசலம் கூட ஒரேயடியாக அசலமில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். அதற்கு முன் திருப்பணி நடக்கும்போது மூலவரின் ஆற்றலைக் கும்ப நீருக்கு இறக்கி, பாலாலயம் என்ற சின்ன இடத்தில் வைத்துப் பூசை நடத்துவார்கள். கோயிலைக் கொத்தி, பூசி, வர்ணம் அடித்து முடித்தபின் ஆற்றலை மறுபடி மூலவருக்கே சேர்ப்பார்கள். கடவுள் தற்காலிகமாக வேறிடத்தில் குடியிருக்க ஒரு முழுச் சடங்கே உண்டு. அப்படியானால் ஆகமத்தைக் காட்டி “சாமியை அசைக்கவே கூடாது” என்று வாதாடுவது பாதி நியாயம்தான்.

தோட்டத்துச் சாமிகளுக்கு ஆகமமும் தேவைப்படவில்லை. குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மடியில் முடிந்துகொண்டு போய், புது ஊரில் அதை இட்டு மேடை கட்டுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் நடக்கிறது. பிடிமண் கோயில் என்று அதற்குப் பெயரே உண்டு. கங்காணி கூட்டிவந்த காலத்தில் மாரியம்மனும் மதுரை வீரனும் முனியாண்டியும் அப்படித்தான் கப்பலேறினார்கள். கடலையே தாண்டி வந்த சாமிக்கு முந்நூறு மீட்டர் தள்ளி உட்கார்வதில் என்ன குறைவு வந்துவிடும் என்று ஓர் அதிகாரி கேட்டால், அந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்க முடியாது.

பக்தி மரபிலேயே இதைவிடக் கூர்மையான சான்று உண்டு. திருநின்றவூர்ப் பூசலார் கல்லும் காசும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னர் கட்டிய கற்கோயிலுக்குக் குறித்த நன்னாளில், சிவபெருமான் பூசலாரின் கோயிலுக்குத்தான் முதலில் போகிறார் என்பது பெரியபுராணக் கதை. அதே மரபு இன்னொரு பக்கம் 270-க்கும் மேற்பட்ட பாடல் பெற்ற தலங்களை ஊர் ஊராக எண்ணிவைத்திருக்கிறது. இந்த ஆறு, இந்த மரம், இந்தக் குளம் என்று இடத்தோடு ஒட்டிய கடவுள் ஒருவர். எந்த இடமும் வேண்டாத கடவுள் ஒருவர். தமிழ்ச் சைவம் இருவரையும் ஒருவர் என்றே கும்பிடுகிறது. தத்துவத்தில் இதை நிம்மதியாக ஏற்றுக்கொள்ளலாம். புல்டோசர் வந்து நிற்கும் காலையில் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நீதிமன்றம் ஒன்று இதைத் தீர விசாரித்திருக்கிறது. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில் குலதெய்வத்தை யார் வீட்டில் வைத்துப் பூசை செய்வது என்று வழக்கு. முறை வரும்போது தெய்வத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார் ஒருவர், கூடாது என்றார் இன்னொருவர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1925-இல் தீர்ப்பு வந்தது. தெய்வ வடிவம் அசையும் சொத்தில்லை, அது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். எங்கே இருப்பது என்பதில் அதற்கு ஒரு விருப்பம் உண்டு, அதை மதித்தாக வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். அதோடு நிற்கவில்லை. சண்டையில் பங்கில்லாத ஒருவரை நீதிமன்றமே நியமித்து, தெய்வத்தின் சார்பில் அவர் வாயால் அந்த விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுப் பெண்களின் குரலுக்கும் அதில் இடம் தரச் சொன்னார்கள். மலாயா வழக்குகளும் அன்று அதே பிரிவி கவுன்சிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன என்பது ஒரு கொசுறுச் செய்தி.

அந்தத் தீர்ப்பில் சாமி நகரலாமா, கூடாதா என்பதற்கு விடை இல்லை. நகர்த்துமுன் யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கு இருக்கிறது. கோலா சிலாங்கூருக்கும் அதுதான் தேவை. பிடிமண்ணாக வந்த முனியாண்டியை எடுத்து வந்தவர் அவருடைய பிள்ளை போன்றவர். விரதமிருந்து, மடியில் கட்டி, கண்ணில் நீரோடு எடுத்து வந்தார். சாலைக் கோட்டுக்கு முன்னால் எழுந்திருக்கச் சொல்லப்படும் முனியாண்டியிடமோ அவர் அங்கே இருப்பதே தெரியாத ஒரு வரைபடம் பேசுகிறது. இரண்டு பெயர்ச்சியிலும் தூரத்தை அளந்து ஒப்பிட்டால் முதலாவதுதான் பெரிது. கசப்பு இரண்டாவதில் இருக்கிறது. பெயர்த்துக்கொண்டு போனதற்கும் பெயர்க்கப்பட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தோட்டத்துத் தமிழருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எஸ்டேட்டுகள் விற்கப்பட்டு, லயங்கள் இடிபட்டு, ஷா ஆலமுக்கும் கிள்ளானுக்கும் அடுக்குமாடிகளுக்குக் கிளம்பியவர்கள் அவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குச் செம்பனைக்குள் காரை ஓட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, ஊர் என்று சொல்ல அங்கே மிச்சமிருப்பது அந்த மேடை மட்டும்தான்.

இதில் கோயில்காரர்கள் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. அதைப் பேசாமல் விடுவது நேர்மையில்லை. சூலமும் கல்லுமாக இருந்த எத்தனையோ தோட்டக் கோயில்கள் இன்று கோபுரம், கொடிமரம், நவக்கிரகம் என்று வளர்ந்துவிட்டன. முனியாண்டி முனீஸ்வரர் ஆனார், சுருட்டு போய் சர்க்கரைப் பொங்கல் வந்தது. புக்கிட் ரோத்தானில் 51 சக்தி பீடங்களின் வடிவங்களோடு எழுந்திருக்கும் ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் போல, திட்டமிட்டுக் கட்டிய பெருங்கோயிலின் கதை வேறு. நிலத்துக்குக் காகிதம் இல்லாத இடத்தில் சிமெண்டைக் கொட்டுவதுதான் வினை. எடுத்து நடக்கக்கூடிய சாமி அங்கே அசைக்கமுடியாத சாமி ஆகிறார். பக்தர்களின் பல்லாண்டுச் சேமிப்பு பட்டா இல்லாத மண்ணில் புதைகிறது. மென்பொருளில் எல்லாவற்றையும் ஃபிக்ஸ்ட் ஆக்கிவிட்டு முழிக்கும் புதுப்பையனின் கதைதான்.

சட்டம் அப்போது யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீட்டுக்கு வழி, நிலத்தில் உரிமையோ பங்கோ உள்ளவருக்கு. தோட்ட நிறுவனத்துக்கு அது கிடைக்கும். வாய்ச்சொல் நம்பி நின்ற கோயில் குழு கெஞ்சும் இடத்தில்தான் நிற்கும்.

கெஞ்சல் முற்றினால் என்ன ஆகும் என்பதைச் சிலாங்கூர் இரண்டு முறை பார்த்தது. 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாள் முன்னால், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் இந்து உரிமைகளுக்கான இண்ட்ராஃப் அமைப்பின் பேரணி. 2018 நவம்பரில், தோட்டக் காலத்துக் கோயிலான சீஃபீல்டு மாரியம்மன் கோயில் வளாகத்தில் கலவரம் மூண்டது. பணிக்கு வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் படுகாயமடைந்து டிசம்பரில் உயிரிழந்தார். இரண்டுமே நெடுஞ்சாலைக்காக எழுந்த தகராறுகள் இல்லை. ஆனாலும் ஆரம்பம் ஒன்றுதான்: தரையில் இருப்பது காகிதத்தில் இல்லை.

வெளியுலகில் இதைச் சிரிக்காமல் எடுத்துக்கொண்ட பொறியாளர்களும் இருக்கிறார்கள். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில், தேவதைகள் கூடும் செடி என்று நாட்டார் நம்பிய ஒரு முட்புதர் புதிய சாலையின் வழியில் இருந்தது. 1999-இல் கதைசொல்லி எடி லெனிஹன் அதற்காகக் குரல் கொடுத்தார், புதர் தப்பியது. ஐஸ்லாந்தில் 2015-இல் ஒரு சாலைப் பணிக்காக, கண்ணுக்குத் தெரியாத மறைவான மக்கள் வழிபடும் இடம் என்று சொல்லப்பட்ட பெரும்பாறையைக் கிரேனில் தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். ஒரு நாட்டில் கோடு விட்டுக்கொடுத்தது, ஒரு நாட்டில் பாறை விட்டுக்கொடுத்தது. இரண்டு இடத்திலும் வேலை முடிவதற்குள் ஒருவர் பேச, மற்றவர் கேட்டிருக்கிறார்.

விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்றும் உண்டு. 437 மீட்டர் ஆரம் தேவைப்படும் இடத்தில் கோயிலுக்காக 300-க்கு இறங்கினால், இரவில் மழையில் வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்காரன் அதற்கு விலை கொடுப்பான். அவன் பக்தனாகவும் இருக்கலாம். ஃபிக்ஸ்ட் என்று சொல்லத் தகுந்தது அந்த எண்தான். பக்தர் மனம் நோகக் கூடாது என்று அதைக் குறைக்கும் பொறியாளர் கருணையுள்ளவர் இல்லை, கடமை தவறியவர். அதே எண்ணைக் காட்டி, போதிய தூரம் முன்னாலேயே கோட்டைத் திருப்பியிருக்க முடிந்ததை மறைப்பவரும் அதே தவறைத்தான் செய்கிறார். நேர்ச்சாலையில் 30 மீட்டர் ஒதுங்கிப் போக, 437 மீட்டர் ஆரத்தில் இரண்டு எதிர்வளைவுகளுக்குச் சுமார் 230 மீட்டர் நீளம் வேண்டும். பழைய கோட்டுக்கே திரும்ப இன்னொரு 230. சுருள் வளைவுகளுக்கு மேலும் கொஞ்சம். வரைபடம் பென்சில் நிலையில் இருக்கும்போது இது எளிது. நிலம் எடுத்து, குத்தகை விட்டு, மண் கொட்டிய பிறகு கேட்டால் யாராலும் முடியாது.

பழைய தமிழ் ஊர்களில் இந்தச் சிக்கலை நேர்மாறாகத் தீர்த்திருந்தார்கள். தேரோடும் வீதிக்கு வளைவே கிடையாது, நான்கு நேர்கோடு, நான்கு மூலை. திருவாரூர் ஆழித்தேர் மூலைக்கு வரும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் தரையோடு குனிந்து ஓடுவார்கள். கட்டையைச் செருகி, இழுத்து, நெம்பி, அங்குலம் அங்குலமாகத் தேரைத் திருப்புவார்கள். அரை வினாடி பிசகினால் கை போய்விடும். ஆரத்தைக் கணக்கிட்டுச் சூத்திரம் எழுதுமுன்பே, பெரிய எடையைத் திருப்புவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். கோயில் நடுவில் இருக்கும், தெரு அதைச் சுற்றி அமையும், சாமி வருடத்துக்கு ஒருமுறை தெருவில் இறங்கித் தன் எல்லையைப் பார்த்துவிட்டு வரும். தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் போகும் வெள்ளி ரதத்துக்காக இன்றும் தலைநகரின் போக்குவரத்து ஒதுங்கி நிற்கிறது. சாமி சாலைக்கு இடைஞ்சல் என்று பேசுகிறவர்கள், சாமியும் அந்தச் சாலையைப் பயன்படுத்துகிறவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

திட்டம் பாதியில் இருக்கும்போது கோட்டை மாற்ற நேர்ந்தால் பொறியாளர்கள் கையாளும் ஒரு பழைய உபாயம் உண்டு. சாலையில் தொடக்கத்திலிருந்து தூரத்தைக் குறிப்பது செயினேஜ். நடுவில் ஒரு வளைவை மாற்றினால் அதற்குப் பிறகு வரும் பாலம், மதகு, மைல்கல் எல்லாவற்றின் எண்ணும் மாறும். அத்தனை வரைபடத்தையும் திருத்த முடியாது. அதற்காக மாற்றம் முடியும் புள்ளிக்கு இரண்டு எண் தருவார்கள்: பின்னால் இருந்து வந்தால் 12 கிலோமீட்டர் 440, முன்னால் போகும்போது 12 கிலோமீட்டர் 415. ஸ்டேஷன் ஈக்குவேஷன் என்று பெயர். ஒரே இடம், இரண்டு எண். பழைய கணக்கும் பொய்யாவதில்லை, புதிய கணக்கும் பொய்யாவதில்லை. மென்பொருளில் இதைப் போட மறந்தால் அதற்கப்பால் உள்ள எல்லாம் 25 மீட்டர் தள்ளி நிற்கும். இடம் பெயர்ந்த கோயில்களில் பழைய மேடையின் ஒரு செங்கல்லைப் புதிய கருவறையில் வைப்பவர்களும், பழைய இடத்துக்கு வருடத்தில் ஒருநாள் விளக்கேற்றப் போகிறவர்களும் இந்தச் சமன்பாட்டைத் தம் பாணியில் எழுதுகிறவர்கள்தான். தானே முன்வந்து நகர்ந்த குழுக்களுக்கு இதற்கு நேரம் கிடைக்கிறது. விரட்டப்பட்டவர்களுக்குச் செங்கல் எடுக்கக்கூட நேரம் கிடைப்பதில்லை.

வட சிலாங்கூர்த் தோட்டக் கோயில் குழுக்கள் இந்த வருடக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாம். திருவிழா வசூலில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கருவறை, ஆலமரம், கிணறு, எல்லைச் சூலம் ஒவ்வொன்றையும் ஜி.டி.எம். 2000 முறையில் அளந்து, படத்தோடு ஓர் அறிக்கை எழுதச் சொல்லுங்கள். கோயில் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்பதற்குப் பழைய திருவிழா அழைப்பிதழ், தோட்ட அலுவலகக் கடிதம், கருப்புவெள்ளைப் படம் எது கிடைத்தாலும் இணையுங்கள். ஒரு பிரதி மாவட்ட நில அலுவலகத்துக்கு, ஒன்று நகராண்மைக் கழகத்துக்கு, ஒன்று பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். மாவட்ட அலுவலகத்துக்கு, ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அதனால் நிலம் உங்களுடையதாகிவிடாது. ஆனால் அடுத்த கோட்டை வரையப்போகும் பொறியாளரின் திரையில் முனியாண்டி ஒரு புள்ளியாகத் தெரிவார்.